சேலத்துப் பட முதலாளி டி. ஆர். சுந்தரம்

சினிமாவைப் பற்றியா நம் சங்க மலரில் எழுதுவது என்று அன்பர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சிலம்புக்கும் குறளுக்கும் உரிய பக்கங்களில் படக் கம்பெனி முதலாளி ஒருவரை உட்கார வைக்கிறேனே என்று எனக்கே முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆயினும் விடுதிச் சாப்பாட்டு மேசையில் நாம் இரவுதோறும் நடத்தும் வாதங்களில் பாதிக்கு மேல் சினிமாவைப் பற்றியவையே என்பதை யார் மறுக்க முடியும்? அண்மையில் ஓர் இரவு அப்படி ஒரு வாதம் மூண்டது. கோடிக் கணக்கில் கொட்டிப் படம் எடுப்பவனே பெரிய முதலாளி; சிக்கனமாக எடுப்பவன் கையில் காசில்லாதவன், அல்லது கலையில் கருத்தில்லாதவன் என்று ஒரு கட்சி. நானும் அந்தக் கட்சியிலேதான் இருந்தேன். அறைக்குத் திரும்பிய பிறகுதான், பொருளாதாரம் படிக்கிறவன் கணக்குப் பார்க்காமல் கட்சி சேரலாமா என்ற உறுத்தல் உண்டாயிற்று. பார்க்கத் தொடங்கினேன். அந்தக் கணக்கு என்னைச் சேலத்துக்கு இழுத்துச் சென்று, மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அவர்களுடைய வாசலில் நிறுத்திவிட்டது.

திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் 1907-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் பிறந்தார். துணி வாணிபத்தில் செழித்த குடும்பம். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் சட்டம் படிக்கச் சீமைக்குப் போன காலத்தில், இவர் இங்கிலாந்திலுள்ள லீட்ஸ் பல்கலைக் கழகத்தில் நெசவுத் தொழில் நுட்பம் பயின்றார். ஆங்கில நங்கை ஒருவரை மணந்துகொண்டு ஊர் திரும்பினார். குலத்தொழிலை ஆலைத் தொழிலாக்குவார் என்று ஊரார் எதிர்பார்த்திருப்பார்கள். அவரும் ஓர் ஆலையைத்தான் கட்டினார். ஆனால் அந்த ஆலையில் நெய்தது துணியன்று.

அதற்கு முன்னுரையாக அமைந்தது, நாம் இன்று படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கல்கத்தா நகரமேதான். தமிழ்ப் பேசும்படம் பிறந்த புதிதில் சென்னையில் ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்டூடியோ கிடையாது. 1934-இல்தான் முதலாவது தோன்றியது. ஆகவே தமிழ்ப் படம் எடுக்க விரும்பியவர் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போக வேண்டும். இராஜா வேடக்காரரிலிருந்து பக்கவாத்தியக்காரர், சமையற்காரர் வரை ஒரு கூட்டமே ரயிலேறி ஹௌராவில் வந்து இறங்கும். சேலத்து வேலாயுதம் பிள்ளையின் ஏஞ்சல் பிலிம்ஸில் சுந்தரம் சேர்ந்துகொண்டபோது, அவர்களும் தங்கள் படங்களை இங்கே வந்துதான் எடுத்தார்கள். டாலிகஞ்சு பக்கம் டிராமில் போகும்போதெல்லாம், வங்காளத்து மழையில் மாட்டிக்கொண்டு, படப்பிடிப்பும் நடவாமல், சாப்பாட்டுச் செலவு மட்டும் நாள்தோறும் ஏறிக்கொண்டிருக்க, கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கும் தமிழ் நடிகர் கூட்டத்தை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

படத் தொழிலின் மறைபொருள் அந்தச் சாப்பாட்டுச் செலவிலேதான் அடங்கியிருக்கிறது. படத்துக்குச் செலவாகும் பணம் இருவகைப்படும். ஒன்று திரையிலே தெரிவது: அரண்மனை, ஆடை, குதிரை, நாட்டியம். மற்றொன்று திரையிலே தெரியாதது: கடனுக்கு வட்டி, ஸ்டூடியோ வாடகை, காத்திருக்கும் ஆட்களின் கூலி. முன்னதைக் கலைஞர்கள் உண்டாக்குகிறார்கள். பின்னதை நாட்காட்டி உண்டாக்குகிறது. படம் பத்து நாள் தாமதித்தால், பார்ப்பவன் கண்ணுக்கு ஒரு தூண்கூட அதிகமாகத் தெரியாது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் பத்து நாள் வட்டி ஏறியிருக்கும். தறி ஓடாமல் நின்றால் அந்த நாழிகையும் நட்டக் கணக்கே என்பது நெசவாலையில் அரிச்சுவடி. லீட்ஸில் படித்தவருக்கு இது கல்கத்தாவில் உறைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கல்கத்தாப் பயணங்களுக்கு முடிவு கட்டச் சேலத்திலேயே ஒரு ஸ்டூடியோ எழுந்தது. ஏற்காட்டு மலைக்குப் போகும் சாலையில், சேர்வராயன் மலை பின்புலமாக நிற்க, மாடர்ன் தியேட்டர்ஸ் அமைந்தது. 1937-இல் வெளிவந்த ‘சதி அகல்யா’ அதன் முதற்படம். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, படத்தைக் கழுவிப் பிரதி எடுக்கும் சாலை, தச்சர், தையற்காரர், ஒப்பனைக்காரர் எல்லாம் ஒரே மதிலுக்குள். நடிகரும் எழுத்தாளரும் மாதச் சம்பளக்காரர்கள். கதையும் வசனமும் முற்றாக எழுதி முடிந்த பிறகே படப்பிடிப்பு. குறித்த மணிக்கு விளக்கு எரிய வேண்டும். அங்கே வேலை பார்த்தவர்கள் பிற்காலத்தில் எழுதிய நினைவுகளிலெல்லாம், காலந் தவறாமையும் கண்டிப்பும் உள்ள ஒரு முதலாளியின் உருவம் தவறாமல் வருகிறது. முதலாளி என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது.

இனி என் வாதத்தின் மறுதலைக்கு வருகிறேன். செலவு செய்து பெயர் பெற்ற முதலாளி என்றால் ஜெமினி எஸ். எஸ். வாசன் அவர்களைத் தவிர வேறு யாரைச் சொல்வது? திருத்துறைப்பூண்டியில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, தாயாருடன் சென்னைக்கு வந்து, விளம்பரத் தொழிலில் கால் ஊன்றியவர் அவர். நின்றுபோன ‘ஆனந்த விகடன்’ பத்திரிகையை 1928-இல், பெயரில் உள்ள எட்டு எழுத்துக்கு எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய்க்கு வாங்கினார் என்பது எல்லோரும் அறிந்த கதை. கே. சுப்ரமணியம் அவர்கள் நடத்திய ஸ்டூடியோ தீயில் வெந்து ஏலத்துக்கு வந்தபோது, அதை 86,000 ரூபாய்ச் சொச்சத்துக்கு எடுத்து ஜெமினி ஸ்டூடியோ ஆக்கினார். செல்வத்தில் பிறந்த சுந்தரம் சிக்கனத்தையும், வறுமையில் வளர்ந்த வாசன் பெருஞ்செலவையும் தங்கள் தங்கள் வழியாகக் கொண்டார்கள். காசில்லாதவன்தான் சிக்கனம் பிடிப்பான் என்ற எங்கள் மேசைத் தத்துவம் இங்கேயே முதல் அடி வாங்கிவிட்டது.

‘சந்திரலேகா’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வாசன் முதலில் பெயரை அறிவித்தார், விளம்பரமும் செய்தார், கதையைப் பிறகுதான் தேடினார்கள். ஜெமினியின் கதை இலாகா உட்கார்ந்து, ரெயினால்ட்ஸ் எழுதிய ஆங்கில நாவலொன்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியைப் பிடித்து, அதைச் சுற்றிக் கதை பின்னியது. 1943-இல் தொடங்கிய வேலை 1948 ஏப்ரல் 9-ஆம் நாள்தான் திரைக்கு வந்தது. நடுவில் டைரக்டர் விலகினார். வாசனே, அதற்கு முன் டைரக்ட் செய்து பழக்கமில்லாதவர், அந்தப் பொறுப்பை ஏற்றார். சர்க்கஸ் கூட்டம் ஸ்டூடியோவுக்கு வந்தது. முரசு நடனத்துக்கு மட்டும் 400 பேர் மாதக்கணக்கில் பயிற்சி பெற்றார்கள். செலவு 30 இலட்சம் ரூபாய் என்பார்கள். ஒரு சில இலட்சங்களில் தமிழ்ப் படங்கள் முடிந்த காலம் அது.

இவ்வளவு பணத்தைத் தமிழ்நாட்டுக் கொட்டகைகள் மட்டும் திருப்பித் தர முடியாது. அதனால் அதே ஆண்டு டிசம்பரில் இந்திச் சந்திரலேகா வந்தாள். இருமொழிக்குமாக 600-க்கு மேற்பட்ட பிரதிகள், நாடெங்கும் பக்கம் பக்கமாகப் பத்திரிகை விளம்பரம். தென்னாட்டுப் படத்தைச் சீந்தாத வடநாட்டுக் கொட்டகைகள் கதவைத் திறந்தன. நம்மோடு படிக்கும் வங்காள நண்பர்களின் பாட்டனாரைக் கேட்டால் முரசு நடனம் நினைவிருக்கிறது என்பார்கள்.

செலவு படத்தின் உள்ளடக்கத்தையே ஆளுகிறது என்பதைச் சந்திரலேகா காட்டுகிறது. 30 இலட்சத்தைத் திரும்பப் பெற இந்தியா முழுவதும் பார்த்தாக வேண்டும். இந்தியா முழுவதும் பார்க்க வேண்டுமானால், பேச்சு புரியாதவனுக்கும் படம் புரிய வேண்டும். ஆகவே முரசு, சர்க்கஸ், வாட்போர். கண்ணுக்கு விருந்து, காதுக்குக் குறைவு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வாசன் மிகத் தெளிந்த வணிகர். எது மொழியைக் கடக்கும் என்று அறிந்து அதில் பணத்தைப் போட்டார்.

சேலத்தில் நேர்மாறு. சொந்த ஸ்டூடியோவும் மாதச் சம்பளக்காரரும் உள்ள இடத்தில், படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் முதல் தேதி சம்பளம் கொடுத்தாக வேண்டும். தளம் சும்மா கிடக்கக்கூடாது. ஒன்று முடியும்போதே அடுத்தது தொடங்க வேண்டும். 1950-ஆம் ஆண்டு வெளிவந்தவற்றில் ‘பொன்முடி’, ‘மந்திரிகுமாரி’, ‘திகம்பர சாமியார்’ மூன்றும் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள். சுந்தரம் மறைவதற்குள் பல மொழிகளிலுமாக ஏறக்குறைய நூறு படங்களைத் தொட்டுவிட்டது அந்நிறுவனம். எங்கள் மேசையில் யாருமே எண்ணிப் பாராத விஷயம் இது: சிக்கனப் படக் கம்பெனி என்பது சிறு முதல் போட்ட கம்பெனி அன்று. பெருமுதலைப் பல படங்களின் மேல் பரப்பி வைத்த கம்பெனி. வாசன் ஒரே படத்தில் வீட்டைப் பணயம் வைத்தார். சுந்தரம் எந்தத் தனிப்படத்திலும் அப்படி வைக்கவில்லை. ஒன்று விழுந்தால் அடுத்தது தாங்கும். அந்த மதிலுக்குள் மாதச் சம்பளம் வாங்கிய தச்சனுக்கும் தையற்காரனுக்கும் இந்த வேற்றுமை எவ்வளவு பெரிது என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பயனும் விளைந்தது. ஒரு படத்தில் தோற்றாலும் குடி முழுகாது என்ற நிலையில் புதியதைச் செய்து பார்க்கலாம். மலையாளத்தில் பேசும்படமே இல்லாத காலத்தில், கேரளத்துச் சிறு சந்தையை நம்பி 1938-இல் ‘பாலன்’ எடுத்தது மாடர்ன் தியேட்டர்ஸ்தான்; அதுவே முதல் மலையாளப் பேசும்படம். 1940-இல் ‘உத்தம புத்திரன்’ எடுத்து, பி. யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் தமிழ்த் திரைக்கு முதன்முதலாகக் காட்டியவரும் சுந்தரமே. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கதை பிரெஞ்சு நாவலாசிரியர் டூமாவுடையது, இரும்பு முகமூடிக் கதை. ஒன்பது ஆண்டுகள் கழித்து ஜெமினி எடுத்த ‘அபூர்வ சகோதரர்கள்’ படமும் டூமாவின் வேறொரு கதைதான், அதிலும் இரட்டை வேடம். அதை வாசன் தமிழ், இந்தி, தெலுங்கு மூன்றிலும் எடுத்தார். கடன் வாங்குவதில் பெருஞ்செலவுக்காரரும் சிக்கனக்காரரும் ஒரே கடைக்குத்தான் போனார்கள்!

சுந்தரத்தின் சிக்கனம் தமிழுக்குச் செய்த நன்மை ஒன்றுண்டு. அவர் அதை எண்ணிச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. மரமும் துணியும் விலை ஏறும்; சொல் விலை ஏறாது. 400 பேரை ஆடவிட முடியாதவன் இரண்டு பேரைப் பேசவிடலாம். பேச்சு நன்றாக இருந்தால் கொட்டகை அதிரும். ‘மந்திரிகுமாரி’ குண்டலகேசிக் கதையிலிருந்து பிறந்தது. அதற்கு வசனம் எழுதிய மு. கருணாநிதி அவர்களுக்கு அப்போது வயது 26. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் டைரக்ட் செய்து, முடியுமுன் தாயகம் திரும்பிவிட, மீதியைச் சுந்தரமே முடித்தார். எம். ஜி. இராமச்சந்திரன் அதில் வீரனாக வந்து மேலே ஏறினார். ஐம்பெருங் காப்பியங்களுள் அழிந்துபட்ட ஒன்றின் கதை, எழுதப் படிக்கத் தெரியாத உழவன் செவியிலும் விழுந்தது. சங்க மலரில் சினிமாவா என்று கேட்ட அன்பர்கள் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டுகிறேன். ‘பொன்முடி’ பாரதிதாசனின் காவியத்திலிருந்து வந்த படம். ‘வளையாபதி’யும் அங்கேதான் உருவாயிற்று. அதற்கும் முன்னே, 1942-இல், சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ சேலத்தில் ‘மனோன்மணி’ ஆயிற்று. கவிஞர் கண்ணதாசன் இளமையில் சம்பளம் வாங்கிய இடங்களுள் இதுவும் ஒன்று. ஜெமினி கண்ணுக்குச் செலவிட்டது என்றால், மாடர்ன் தியேட்டர்ஸ் காதுக்குச் செலவிட்டது.

நான் சுந்தரத்தின் கட்சிக்கே முழுதும் மாறிவிட்டதாக எண்ண வேண்டாம். ‘மனோன்மணி’யில் அவரே கையை நீட்டித்தான் செலவழித்தார், சிக்கனம் அவருக்கு ஒரு விரதமாக இருக்கவில்லை. மேலும், குறித்த நாளில் முடிந்தே தீர வேண்டிய படத்தில், டைரக்டர் ஒரு காட்சியை மீண்டும் எண்ணிப் பார்க்க நேரம் ஏது? அந்தச் சாலையிலிருந்து வந்த படங்களில் பல இன்று பெயரளவில்தான் வாழ்கின்றன. மேல்நாட்டுப் படங்களைப் பார்த்து ஒரு கதையை உருவி, வாட்சண்டை நான்கு, பாட்டு பத்து என்று அளந்து போட்ட சரக்கும் அவற்றில் உண்டு. கலைஞன் சோம்பியிருப்பதைப்போல் தோன்றும் நாட்களில்தான் சில வேளைகளில் நல்லது விளைகிறது. தறிக் கணக்கில் அதற்கு இடமில்லை. வாசன் ‘ஒளவையார்’ படத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து 1953-இல் வெளியிட்டார். அந்தப் பொறுமையைச் சேலத்தில் தேட முடியாது.

சிக்கனத்தின் எல்லை எதுவரை போகும் என்பதற்கு ‘தி ஜங்கிள்’ என்ற படத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்காவிலும் இந்த இருவகைக் கம்பெனிகள் உண்டு. குறைந்த செலவில், குறைந்த நாளில், கொட்டகைகளின் இரண்டாம் படத்துக்கென்று எடுத்துத் தள்ளுவதில் பெயர் போனது லிப்பர்ட் கம்பெனி. அதன் முதலாளியே கொட்டகைக்காரர். கொட்டகைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர். 1952-இல் அந்த லிப்பர்ட்டும் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸும் கைகோத்தன. ஹாலிவுட் நடிகர்கள் ராட் காமரூனும் சீசர் ரோமரோவும் நம் காட்டுக்கு வந்து நடித்தார்கள். கதையில் மேமத் என்னும் உரோமம் அடர்ந்த ஆதிகாலத்து யானைகள் தோன்ற வேண்டும். பெருஞ்செலவுக் கம்பெனியாயிருந்தால் என்னென்னவோ இயந்திரம் செய்திருக்கும். இவர்களோ நம் யானைகளுக்கே கம்பளி மயிரைப் போர்த்தி ஓடவிட்டார்கள். பார்த்தால் சிரிப்பு வரும். சிரிப்பு அடங்கியதும், தமிழ்நாட்டு மாவட்டத் தலைநகர் ஒன்றிலிருந்து அமெரிக்கக் கொட்டகைக்கு ஓர் ஆங்கிலப் படம் போயிற்றே என்ற வியப்பும் வரும்.

1951-இல் எஸ். கே. பாட்டீல் தலைமையில் அமைந்த சினிமா விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. போர்க்காலத்தில் திடீரென்று பணம் சேர்த்தவர்கள் படத்தொழிலில் புகுந்ததையும், நட்சத்திரங்களின் ஊதியம் கட்டுக்கடங்காமல் ஏறியதையும், ஸ்டூடியோக்கள் தளர்ந்ததையும் அது வருத்தத்தோடு கூறியது. ஸ்டூடியோவுக்கு நடிகன் சம்பளக்காரனாக இருந்த நிலை மாறி, நடிகனுடைய தேதிக்கு ஸ்டூடியோ காத்திருக்கும் நிலை வந்தது. வாசனின் முறை இதை ஒருவாறு தாங்கக்கூடியது. பெரிய தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் போயிற்று. சுந்தரத்தின் முறையோ நேரத்தைத் தன் கையில் வைத்திருப்பதிலேயே நின்றது. நடிகர் வராத நாளில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்தச் சூழலிலும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தைத் தாமே டைரக்ட் செய்து கேவா கலரில் கொண்டுவந்தார். எம். ஜி. ஆரும் பானுமதியும் நடித்த அதுவே முழுநீள வண்ணப் படமாக வந்த முதல் தமிழ்ப் படம். 30 இலட்சக்காரர்கள் கறுப்பு வெள்ளையிலேயே நின்றபோது, கணக்குக்காரர் வண்ணத்துக்குப் போனார்! 1961-இல் ‘கண்டம் பெச்ச கோட்டு’ என்ற முதல் மலையாள வண்ணப் படத்தையும் அவரே எடுத்தார். மலையாளத்துக்கு முதற்பேச்சும் முதல் வண்ணமும் சேலத்திலிருந்து போயின என்பதை நம் கேரள நண்பர்களுக்கு நான் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு. அவர்களும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்கிறார்கள்.

1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் சுந்தரம் காலமானார். வயது 56. மகனார் பொறுப்பேற்றுச் சில காலம் படங்கள் எடுத்தார். வாசன் 1969 ஆகஸ்டு 26-ஆம் நாள் மறைந்தார். ஜெமினி ஸ்டூடியோவும் பிறகு நிலைக்கவில்லை. அந்த இடத்தில் இன்று வேறு கட்டடங்கள் நிற்கின்றன, பக்கத்து மேம்பாலத்துக்கு மட்டும் மக்கள் வாயில் ஜெமினி என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சேலத்திலும் படப்பிடிப்புத் தளங்கள் இல்லை. ஏற்காட்டுச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று எழுதிய முகப்பு வளைவு ஒன்று நிற்கிறது. மலைக்குப் போகும் பஸ்ஸின் சன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். வளைவுக்கு உட்புறம், நூறு படங்கள் எடுத்த நிலத்தில், வீடுகள் எழும்பிவிட்டன.